குற்றவாளிக் கூண்டில் ஒரு பறவை

நான் ஒரு பறவையைக் கல்லால் அடித்தவன். முதுகலை விலங்கியல் படிக்கும் மாணவன் ஒரு கட்டுரையை இப்படித் தொடங்குவது பொருத்தமாக இல்லையே என்று நண்பர்கள் நினைக்கலாம். ஆனால் நான் விலங்கியல் படிக்க வந்ததற்கே அந்தக் கல்தான் காரணம். அதை மறைத்துவிட்டு மற்றவற்றை மட்டும் எழுத எனக்கு மனம் வரவில்லை.

எங்கள் ஊர் நெல்லை மாவட்டத்தில், கூந்தன்குளத்திற்கு மிதிவண்டியில் போய் வரக்கூடிய தொலைவில் இருக்கிறது. கூந்தன்குளம் பறவைகள் காப்பிடத்தைப் பற்றி அறியாதார் குறைவு. மஞ்சள்மூக்கு நாரையும் கூழைக்கடாவும் அங்கே ஊருக்குள் இருக்கும் மரங்களிலேயே கூடு கட்டிக் குஞ்சு பொரிக்கும். பறவைகள் மிரண்டு போகும் என்பதற்காகத் தீபாவளிக்குக்கூட வெடி வெடிக்காத மக்கள் அவர்கள். பறவை எச்சம் கலந்த குளத்து நீர் வயலுக்கு நல்ல உரம் என்பது எங்கள் வட்டாரத்து உழவர்கள் எல்லாருக்கும் தெரிந்த செய்தி.

கூந்தன்குளத்திற்கு வரும் விருந்தாளிகளில் சில கூட்டம் எங்கள் ஊர்க் குளத்திற்கும் வரும். அவற்றுள் வரித்தலை வாத்து என்று ஒன்று உண்டு. சாம்பல் நிற உடல், வெண்மையான தலை, அந்தத் தலையின் பின்புறம் மையால் இழுத்தாற்போல் இரண்டு கறுப்புக் கோடுகள். மங்கோலியாவிலும் திபெத்து மேட்டு நிலத்திலும் குஞ்சு பொரித்துவிட்டு, குளிர்காலத்தைக் கழிக்க இமயத்தைத் தாண்டி வருகின்ற பறவை அது. ஏறத்தாழ 7,000 மீட்டர் உயரத்தில் அது பறந்ததைக் கருவி பொருத்தி அளந்திருக்கிறார்கள். மலை ஏறுவோர் மூச்சுக்குத் திணறுகின்ற அந்த உயரத்தில், சிறகடித்துப் பறந்து தென்கோடி நெல்லைச் சீமை வரை வருகிறது!

அந்தப் பறவையைத்தான் நான் அடித்தேன்.

ஊரார் தீர்ப்பு

2021ஆம் ஆண்டு சனவரி மாதம். கொரோனாவினால் பள்ளிகள் பூட்டிக் கிடந்த காலம். நான் பன்னிரண்டாம் வகுப்பு மாணவன். பாடம் கைபேசியில் நடந்தது. பொழுது குளத்தங்கரையில் போயிற்று. அப்போதுதான் தொலைக்காட்சியில் அடுத்தடுத்துச் செய்திகள் வரத் தொடங்கின. ராஜஸ்தானிலும் மத்தியப் பிரதேசத்திலும் காகங்கள் செத்து விழுகின்றன. இமாசலப் பிரதேசத்தில் போங் அணையின் நீர்த்தேக்கத்தில் வலசை வந்த பறவைகள் ஆயிரக்கணக்கில் மடிகின்றன. பக்கத்துக் கேரளத்தில் ஆலப்புழை, கோட்டயம் மாவட்டங்களில் வாத்துகளுக்கு நோய் கண்டு, பல்லாயிரம் வாத்துகளைக் கொன்று எரிக்கிறார்கள். நம் மாநில எல்லைச் சோதனைச் சாவடிகளில் கோழி வண்டிகளை நிறுத்திப் பார்க்கிறார்கள்.

போங் அணையில் செத்துக் கிடந்தவற்றுள் பெரும்பாலானவை வரித்தலை வாத்துகள். தொலைக்காட்சியில் அந்த இரண்டு கறுப்புக் கோடுகளைப் பார்த்த எங்கள் ஊரார், அது நம் குளத்துப் பறவையேதான் என்று கண்டுகொண்டார்கள். அதற்குப் பிறகு விசாரணை என்ன வேண்டிக் கிடக்கிறது? தேநீர்க் கடை பெஞ்சியிலேயே தீர்ப்பு எழுதப்பட்டுவிட்டது. "சீனாக்காரன் வியாதி ஒண்ணு போதாதுன்னு இப்ப சீனா வாத்து வேற வந்திருக்கு" என்றார் ஒருவர். குளத்தில் துணி துவைக்கக்கூடப் பெண்கள் அஞ்சினார்கள்.

என் சித்தப்பா அப்போது 500 நாட்டுக்கோழிகள் வளர்த்து வந்தார். நோய் நம் மாவட்டத்திற்கு வரவே இல்லை. ஆனால் அச்சம் வந்துவிட்டது. பொங்கலுக்கு முன்னர் வாங்க வேண்டிய வியாபாரி வரவில்லை. தீவனத்திற்குக் கொடுக்கக் காசில்லாமல் சித்தப்பா பாதி விலைக்கும் குறைவாகத் தள்ளிவிட்டார். வீட்டுத் திண்ணையில் தலையில் கை வைத்து அவர் உட்கார்ந்திருந்த காட்சி இன்றும் என் கண்ணில் நிற்கிறது. நன்றாக வேக வைத்த கறியிலும் முட்டையிலும் அந்த வைரஸ் உயிர் பிழைக்காது என்பதை ஊருக்கு எடுத்துச் சொல்ல எனக்கும் தெரிந்திருக்கவில்லை.

மறுநாள் விடியற்காலையில், பனி விலகும் முன்னே, நானும் என் கூட்டாளிகள் இருவரும் குளத்தங்கரைக்குப் போனோம். தீபாவளிக்கு வாங்கி மிஞ்சிய வெடிகளும் ஒரு பை நிறையக் கற்களும் எங்களிடம் இருந்தன. வெடி வெடித்ததும் கூட்டம் முழுவதும் ஒரே அலறலாய் எழும்பிற்று. நாங்கள் கல்லை வீசினோம். ஒரு வாத்து மட்டும் எழும்பியும் எழும்பாமல் ஒரு பக்கமாய்ச் சாய்ந்து, அக்கரைச் சேற்றில் போய் விழுந்தது. அது என் கைக்கல்தான், எனக்குத் தெரியும்.

சத்தம் கேட்டு வயலிலிருந்து ஓடிவந்தார் தாத்தா. அடிக்கவில்லை. "ஏலேய், நம்ம குளத்த நம்பி வந்த உசுருலே அது. அது வராத வருசம் குளத்துல தண்ணி இல்லாத வருசம்னு உனக்குத் தெரியுமாலே?" என்றார். அவ்வளவுதான். துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போய்விட்டார். அடித்திருந்தால் மறந்திருப்பேன்.

பழைய வழக்கு ஒன்று

கல்லூரியில் சேர்ந்த முதலாண்டில், எங்கள் துறைப் பேராசிரியர் ஒருவரிடம் இந்தக் கதையைச் சொன்னேன். அவர் புன்னகைத்தார். "தம்பி, நோய்க்காகப் பறவையைக் கூண்டில் ஏற்றியது உங்கள் ஊர்தான் முதல் என்று நினைத்துவிடாதே. நம் கோடியக்கரைக்குப் போய்க் கேள்" என்றார். அவர் சொன்ன வரலாற்றைப் பின்னர் நூலகத்தில் தேடிப் படித்தேன்.

1957ஆம் ஆண்டு, அன்றைய மைசூர் மாநிலத்துச் சிமோகா மாவட்டத்தில் கியாசனூர் என்ற காட்டில் குரங்குகள் செத்து விழுந்தன. காட்டையொட்டி வாழ்ந்த மக்களும் காய்ச்சல் கண்டு மாண்டனர். அந்த நோயின் வைரஸைப் பிரித்தபோது, அது ரஷ்ய நாட்டு உண்ணிக் காய்ச்சல் வைரஸுக்கு உறவாக இருக்கக் கண்டனர். அப்படியானால் சைபீரியாவிலிருந்து வலசை வரும் பறவைகள் தம் இறகுக்குள் உண்ணிகளைச் சுமந்து வந்திருக்குமோ என்ற ஐயம் எழுந்தது. பறவையறிஞர் சாலிம் அலியின் முயற்சியால், பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகம் உலக சுகாதார நிறுவனத்தின் துணையோடு 1959இல் வலசைப் பறவை ஆய்வைத் தொடங்கிற்று. ஆய்வு நடந்த இடங்களில் தலையாய ஒன்று நம் கோடியக்கரை. வலை விரித்துப் பறவைகளைப் பிடித்து, காலில் வளையம் மாட்டி, உடம்பில் உண்ணி இருக்கிறதா என்று பார்த்துவிட்டுப் பறக்க விட்டார்கள்.

பறவைதான் அந்த நோயைக் கொண்டு வந்தது என்பது மெய்ப்பிக்கப்படவே இல்லை. கியாசனூர் வைரஸ் மேற்குத் தொடர்ச்சி மலைக் காடுகளிலேயே, உண்ணிகளுக்கும் குரங்குகளுக்கும் சிறு விலங்குகளுக்கும் இடையே சுழன்று வருவது என்று தெரிந்தது. ஆனால் அந்த ஐயத்தின் பயனாக, எந்தப் பறவை எங்கிருந்து நம் நாட்டுக்கு வருகிறது என்ற அறிவுச் செல்வம் நமக்குக் கிடைத்தது. ஐயப்படுவதில் தவறில்லை, ஐயத்தைச் சோதிக்கும் முன்பே கல்லெடுப்பதுதான் தவறு. இந்தப் பாடம் எனக்குக் கோடியக்கரை வழியாக வந்தது.

எச்சம் சொன்ன சாட்சி

சரி, பறவைக் காய்ச்சல் வழக்கில் சாட்சியம் என்ன?

1961ஆம் ஆண்டு தென்னாப்பிரிக்கக் கடற்கரையில் ஆலாக்கள் எனப்படும் கடற்பறவைகள் நூற்றுக்கணக்கில் மடிந்தன. அவற்றிடமிருந்து இன்ஃபுளுயன்சா வைரஸ் பிரிக்கப்பட்டது. காட்டுப் பறவைகளில் இந்த வைரஸ் கண்டறியப்பட்டது அதுவே முதல் முறை. அந்தப் பத்தாண்டின் பிற்பகுதியில் ராபர்ட் வெப்ஸ்டர், கிரேம் லேவர் என்ற இரு அறிவியலார் ஆஸ்திரேலியக் கடற்கரை ஒன்றில் நடந்து போகும்போது, கரையில் ஒதுங்கிக் கிடந்த செத்த கடற்பறவைகளைக் கண்டார்கள். நம்மில் பலர் மூக்கைப் பொத்திக்கொண்டு போயிருப்போம். அவர்களோ, ஆலாக்களைக் கொன்ற காய்ச்சல் இவற்றையும் கொன்றிருக்குமா என்று தம்மைத் தாமே கேட்டுக்கொண்டார்கள். அந்தக் கேள்வி அவர்களைப் பவளத்திட்டுத் தீவுகளுக்குக் கொண்டு சென்றது. உயிருள்ள பறவைகளின் தொண்டையைப் பஞ்சுக்குச்சியால் தடவி எடுத்துச் சோதித்தார்கள். 1972இல், நோய் எதுவும் வெளித்தெரியாத ஒரு கடற்பறவையிடம் வைரஸ் கிடைத்தது.

பின்னர் கனடாவின் ஏரிகளில் காட்டு வாத்துகளைச் சோதித்தபோது வியப்பான உண்மை வெளிப்பட்டது. மனிதனுக்கு மூச்சுக்குழாயில் வரும் காய்ச்சல், வாத்துக்குக் குடலில் குடியிருக்கிறது! வைரஸ் குடலில் பெருகி, எச்சத்தோடு நீரில் கலக்கிறது. அந்த நீரைக் குடிக்கும் மற்றொரு வாத்தின் குடலில் இடம் பிடிக்கிறது. வாத்துக்குக் காய்ச்சல் இல்லை, இருமல் இல்லை, நலமாகவே நீந்துகிறது. நீண்ட நெடுங்காலமாகப் பழகிப்போன குடித்தனம் அது.

இதனால் ஆய்வாளருக்கு எச்சம் ஒரு புதையல் ஆயிற்று. அமெரிக்காவின் டெலவேர் விரிகுடாவில் 1985 முதல் ஆண்டுதோறும் மே மாதத்தில் ஆய்வாளர்கள் மணலில் முழந்தாளிட்டு, கரைப்பறவைகளின் எச்சத்தைப் பஞ்சுக்குச்சியில் எடுத்து வருகிறார்கள். அங்கே இந்த வைரஸ் மிகுதியாகக் கிடைப்பது கல்திருப்பி உள்ளான் என்ற சிறு பறவையிடம். நம் கடற்கரைகளுக்கும் குளிர்காலத்தில் வருகின்ற பறவைதான் அது.

எச்சத்தில் வைரஸ் இருப்பதை எப்படி அறிவது? பஞ்சுக்குச்சியைக் குளிர்ப்பெட்டியில் வைத்து ஆய்வகத்திற்கு அனுப்புவார்கள். அதிலிருந்து எடுத்த நீரைப் பத்து நாள் கருவுள்ள கோழிமுட்டைக்குள் ஊசியால் செலுத்தி வளர்ப்பார்கள். பிறகு முட்டை நீரைச் சிவப்பணுக்களோடு கலப்பார்கள். வைரஸ் இருந்தால் சிவப்பணுக்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். 1941இல் ஜார்ஜ் ஹெர்ஸ்ட் கண்ட எளிய சோதனை இது. அப்படி ஒட்ட வைக்கும் புரதம் ஹீமக்ளூட்டினின்; எச்5என்1 என்ற பெயரில் வரும் 'எச்' அதுதான். வைரஸ் செல்லை விட்டு வெளியேற உதவும் நியூராமினிடேஸ் என்ற நொதிதான் 'என்'. பறவைகளில் எச் 16 வகையும் என் 9 வகையும் நெடுங்காலமாக அறியப்பட்டவை. இன்று மரபுப் பொருளை நேராகப் படிக்கும் முறைகள் வந்துவிட்டன. நம் நாட்டில் ஐயத்திற்குரிய மாதிரிகளை உறுதி செய்யும் தலைமை ஆய்வகம் போபாலில் இருக்கிறது. 2006இல் மகாராஷ்டிர மாநிலம் நவாப்பூரில் கோழிகளிடம் இந்தியாவின் முதல் எச்5என்1 தாக்குதல் கண்டறியப்பட்ட நாளிலிருந்து அதற்கு ஓய்வில்லை.

தமிழில் எச்சம் என்ற சொல்லுக்குக் கழிவு என்றும் பொருள் உண்டு. ஒருவர் விட்டுச் செல்வது என்றும் பொருள் உண்டு. பறவை விட்டுச் செல்லும் எச்சம், தன் வழக்கைத் தானே எழுதி வைத்துவிட்டுப் போவது போல எனக்குத் தோன்றுகிறது. படிப்பதற்குத்தான் ஆள் வேண்டும்.

சாது மிரண்ட கதை

வாத்தின் குடலில் சாதுவாகக் கிடந்த வைரஸ் கொலைகாரனாக மாறியது எங்கே? வழக்கின் உயிர்நாடியே இந்தக் கேள்விதான்.

வைரஸ் ஒரு செல்லுக்குள் நுழைய வேண்டுமானால் அதன் எச் புரதம் ஓரிடத்தில் வெட்டப்பட வேண்டும். சாது வகையை வெட்டக்கூடிய நொதிகள் குடலிலும் மூச்சுப் பாதையிலும்தான் உண்டு. ஆகவே வைரஸும் அங்கேயே அடங்கிக் கிடக்கும். ஆனால் எச்5, எச்7 வகைகள் கோழிக் கூட்டத்திற்குள் புகுந்து ஒன்றிலிருந்து ஒன்றுக்குத் தாவிக்கொண்டே இருக்கும்போது, அந்த வெட்டுமிடத்தில் மாறுதல் நேர்ந்துவிடுகிறது. பிறகு உடம்பின் எல்லாப் பகுதியிலும் உள்ள நொதிகள் அதை வெட்ட முடிகிறது. வைரஸ் மூளைக்கும் இதயத்திற்கும் ஈரலுக்கும் பரவி, இரண்டொரு நாளில் கோழியைச் சாய்த்துவிடுகிறது.

இது வெறும் ஊகம் அன்று. 1983 ஏப்ரலில் அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலக் கோழிப் பண்ணைகளில் எச்5என்2 என்ற சாது வகை பரவிற்று. பெரிய சேதம் இல்லை. அதே வைரஸ் அக்டோபரில் கொடிய வடிவம் எடுத்தது. அடக்குவதற்குள் ஏறத்தாழ 1 கோடியே 70 லட்சம் பறவைகள் அழிக்கப்பட்டன. ஆறே மாதம், பண்ணைக்குள்ளேயே நிகழ்ந்த மாற்றம்!

இன்று உலகை அலைக்கழிக்கும் எச்5என்1 பரம்பரையின் மூதாதையும் காட்டில் பிடிபட்டதன்று. 1996இல் சீனத்தின் குவாங்டாங் மாநிலத்தில் வளர்ப்புப் பெருவாத்துகளிடம் அது கண்டறியப்பட்டது. மறு ஆண்டு ஹாங்காங்கில் 18 பேருக்குத் தொற்றி 6 பேரைப் பலி கொண்டது. உயிருள்ள கோழிகளை விற்கும் சந்தைகளை மூடி, பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட கோழிகளைச் சில நாட்களில் அழித்து, அந்த நகரம் அப்போதைக்குத் தப்பியது.

தாய்லாந்தில் 2004இல் நோய் பரவிய இடங்களை வரைபடத்தில் குறித்துப் பார்த்த ஆய்வாளர்கள், அறுவடையான நெல்வயல்களில் மேய்க்கப்படும் வாத்துகள் மிகுந்த பகுதிகளோடு அவை பொருந்தி நிற்பதைக் கண்டார்கள். நம் ஊர்களிலும் அறுப்பு முடிந்ததும் வாத்துக்காரர்கள் வந்து பட்டி போடுவதைப் பார்த்திருக்கிறோம். காட்டு வாத்தும் வீட்டு வாத்தும் ஒரே தாளடியில் மேய்ந்து, ஒரே குட்டையில் நீர் குடிக்கின்றன. நோய்க்குப் பாலம் அமைவது அங்கேதான். ஏழை வாத்துக்காரரைக் குற்றம் சொல்வதற்காக இதை எழுதவில்லை. பாலம் எங்கே இருக்கிறது என்று தெரிந்தால்தானே காவல் போட முடியும்?

சிங்ஹாய் ஏரியின் சடலங்கள்

இனி எங்கள் வரித்தலை வாத்தின் கதைக்கு வருகிறேன்.

2005ஆம் ஆண்டு ஏப்ரல் இறுதியில், சீனத்தின் மேற்கே உள்ள சிங்ஹாய் ஏரியில் பறவைகள் மடியத் தொடங்கின. உலகத்து வரித்தலை வாத்துகள் பெருங்கூட்டமாய்க் குஞ்சு பொரிக்கும் இடங்களுள் ஒன்று அது. கழுத்து திருகி, நிற்க முடியாமல் தள்ளாடி, 6,000க்கும் மேற்பட்ட பறவைகள் மாண்டன. அவற்றுள் பெரும் பங்கு வரித்தலை வாத்துகள். காட்டுப் பறவைகள் எச்5என்1 வைரஸால் அவ்வளவு பெருந்தொகையாய் மடிந்தது அதற்கு முன் நிகழாதது. வைரஸின் மரபுப் பொருளைப் படித்தவர்கள், அது தென்சீனத்துச் சந்தைக் கோழிகளிடம் கண்ட வைரஸ்களின் நெருங்கிய உறவு என்று எழுதினார்கள். ஆம்! பறவைக்கு நோய் பண்ணையிலிருந்து வந்தது. சாதுவான வைரஸைக் காடு நமக்குக் கொடுத்தது. அதைக் கொடிதாக்கி நாம் காட்டுக்கே திருப்பிக் கொடுத்தோம்.

இதைப் படித்த அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை. நான் கல்லெறிந்த பறவை, நாம் முன்பே கல்லெறிந்த பறவை!

அதற்காக அந்தப் பறவை நோயைச் சுமப்பதே இல்லை என்று வழக்காட வரவில்லை. வழக்கறிஞர் போல ஒரு பக்கம் மட்டும் பேசுவது அறிவியல் மாணவனுக்கு அழகன்று. சில வாத்தினங்கள் கொடிய வகையையும் வெளித்தெரியாமல் சுமந்து பறக்கக்கூடியவை. சிங்ஹாய் நிகழ்ச்சிக்குப் பின் சில மாதங்களில் அந்த வைரஸ் சைபீரியா வழியாக ஐரோப்பா வரை சென்றதில் பறவைகளுக்குப் பங்கு உண்டு. அதனால்தான் பறவைகளின் முதுகில் சிறு கருவிகளைப் பொருத்தி, செயற்கைக்கோள் வழியே அவற்றின் பாதையைத் தொடர்ந்தார்கள். 2008இல் ஒரிசாவின் சிலிகா ஏரியிலும் அப்பணி நடந்தது. பறவை போன தேதியும் நோய் வந்த தேதியும் பொருந்துகின்றனவா என்று ஒவ்வொரு முறையும் ஒத்துப் பார்க்க வேண்டும். சில வேளை பொருந்தும். பொருந்தாதபோது கோழி வண்டியையும் சந்தையையும் விசாரிக்க வேண்டும்.

கடலும் கரையும்

2020க்குப் பின் இந்த வைரஸ் வேறு வேகம் பெற்றுவிட்டது. 2021 இறுதியில் அட்லாண்டிக் கடலைத் தாண்டி வட அமெரிக்காவை அடைந்தது. 2022 கோடையில் ஸ்காட்லாந்தின் பாஸ் ராக் தீவில், கேனட் என்ற வெண்ணிறக் கடற்பறவைகள் கூட்டிலேயே மடிந்தன. பிழைத்தவற்றுள் பலவற்றின் வெளிர்நீலக் கண்கள் கறுத்துப் போயிருக்கக் கண்டு ஆய்வாளர்கள் திகைத்தார்கள். அவற்றின் இரத்தத்தைச் சோதித்தபோது, நோய் கண்டு மீண்டவை என்று தெரிந்தது. பட்ட துன்பத்தைக் கண்ணிலேயே எழுதிக்கொண்டு பறக்கின்றன அவை!

அடுத்துப் பாலூட்டிகளின் முறை. 2022, 2023ஆம் ஆண்டுகளில் பெருவிலும் சிலியிலும் 20,000க்கும் மேற்பட்ட கடற்சிங்கங்கள் கரையில் செத்து ஒதுங்கின. 2023 அக்டோபரில் அர்ஜென்டினாவின் வால்டெஸ் தீபகற்பத்தில், அந்த ஆண்டு பிறந்த கடல்யானைக் குட்டிகளில் ஏறத்தாழ 17,000, அதாவது நூற்றுக்கு 95க்கும் மேல், மடிந்தன. அங்கே வைரஸ் பாலூட்டியிலிருந்து பாலூட்டிக்கே பரவியது என்று அதன் மரபுப் பொருள் காட்டிற்று. 2024 மார்ச்சில் அமெரிக்கக் கறவை மாடுகளின் மடியில் அது கண்டறியப்பட்டது. காய்ச்சாத பாலைக் குடித்த பண்ணைப் பூனைகள் செத்தன. அப்போது மாடுகளிடம் பரவிய வைரஸ் வகை பறவையிடமிருந்து மாட்டுக்குத் தாவியது ஒரு முறைதான் என்றும், பின்னர் மாநிலம் விட்டு மாநிலம் அதைக் கொண்டு போனவை மாடு ஏற்றிய லாரிகள் என்றும் ஆய்வு சொல்கிறது. லாரிக்கு யாரும் கல்லெறியவில்லை.

நம் நாட்டுக்கும் இது தொலைவுச் செய்தியன்று. 2021 சூலையில் தில்லியில் ஒரு சிறுவன் எச்5என்1 நோயால் இறந்தான். இந்தியாவில் பதிவான முதல் மனித மரணம் அது. 2024 டிசம்பரில் நாக்பூரில் ஒரு விலங்குக் காப்பகத்தில் மூன்று புலிகளும் ஒரு சிறுத்தையும் மாண்டன. காரணம் இந்த வைரஸே என்று 2025 சனவரியில் உறுதியாயிற்று.

ஆயினும், மனிதரிடமிருந்து மனிதருக்குத் தொடர்ந்து பரவும் ஆற்றல் இதற்கு இன்னும் வரவில்லை. பறவைக் குடலில் இந்த வைரஸ் பற்றிக்கொள்ளும் கொக்கி வேறு. நம் மூக்கிலும் தொண்டையிலும் உள்ள கொக்கி வேறு. அந்த வேறுபாடே நமக்கு அரண். ஆனால் ஒவ்வொரு புதிய விலங்கும் வைரஸுக்கு ஒரு புதிய பள்ளிக்கூடம். அங்கே அது என்ன கற்றுக்கொள்கிறது என்பதைக் கண்காணிக்கத்தான் கடற்கரையிலும் குளக்கரையிலும் சிலர் இன்றும் எச்சம் பொறுக்கிக்கொண்டிருக்கிறார்கள்.

நாம் செய்யத்தக்கது

அப்படியானால் எங்கள் ஊரார் அன்று என்ன செய்திருக்க வேண்டும்? பறவைகளை விரட்டியிருக்கக் கூடாது. விரட்டினால் நோயுள்ள பறவையும் நோயில்லாப் பறவையும் பத்துக் குளங்களுக்குச் சிதறும். ஒரு குளத்து நோய் பத்துக் குளத்து நோயாகும். காட்டுப் பறவைகளைக் கொல்வதோ நீர்நிலைகளை வற்ற வைப்பதோ தீர்வாகாது என்று உலக அமைப்புகள் எச்சரிப்பதும் இதனால்தான். வீட்டுக் கோழியையும் வாத்தையும் குளத்துப் பக்கம் விடாமல் அடைத்து வளர்த்திருக்கலாம். செத்த பறவையைக் கண்டால் கையால் தொடாமல், கால்நடை மருத்துவமனைக்கு உடனே சொல்லியிருக்கலாம். வேக வைத்த கறியை அஞ்ச வேண்டாம் என்று படித்த பிள்ளைகள் வீடு வீடாகச் சொல்லியிருந்தால், சித்தப்பாவைப் போன்றவர்கள் பிழைத்திருப்பார்கள். கல்லெடுப்பதைவிட இவை எல்லாம் எளிய வேலைகள்.

பொங்கல் கழிந்ததும் தாமிரபரணி நீர்ப்பறவைக் கணக்கெடுப்பு ஆண்டுதோறும் நடக்கிறது. அதில் சில ஆண்டுகளாக நானும் கலந்துகொள்கிறேன். குளத்தங்கரையில் இருநோக்கியோடு நிற்கும்போதெல்லாம் 2021ஆம் ஆண்டுப் பங்குனி மாதம் நினைவுக்கு வரும். அந்தப் பங்குனியில் வரித்தலை வாத்துகள் கூட்டமாய் எழும்பி வடக்கு நோக்கிப் போய்விட்டன. ஒன்று மட்டும் போகவில்லை. வலச் சிறகைச் சற்றே தொங்கவிட்டுக்கொண்டு, சித்திரை வெயிலில் குளம் சுருங்கச் சுருங்க, சேற்று விளிம்பில் தன்னந்தனியே மேய்ந்துகொண்டிருந்தது. நானும் தாத்தாவும் கரையில் நின்று பார்த்தோம்.

"இமயமலையத் தாண்டணும்லே அதுக்கு. ஒரு சிறகு காணாது" என்றார் தாத்தா.

வைகாசியில் ஒரு நாள் அதைக் காணவில்லை. நாய் பிடித்ததா, நரி பிடித்ததா, அல்லது எப்படியோ பறந்து போயிற்றா, எனக்குத் தெரியாது. தாத்தாவும் இப்போது இல்லை.

கணக்கெடுப்பில் மற்றப் பறவைகளை ஒரு முறை எண்ணுவேன். வரித்தலை வாத்துகளை மட்டும் இரண்டு முறை எண்ணுவேன். எத்தனை முறை எண்ணினாலும், ஒன்று என் கணக்கில் குறைந்தே இருக்கிறது.